‘பையன் கவிதைகூட எழுதுவாராம்’

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு மாடிப்படியில் இப்போது துணையில்லாமல் இறங்க முடிகிறது என்பதையும் படித்து நிம்மதியடைந்தேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று. இந்த வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அதைச் சொல்வதென்றால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதில் நான் நடந்துகொண்ட விதம் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லாததால் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

என் தம்பியின் இளைய மகளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். பட்டர்வொர்த்தில் சொந்த வீடு, தாய்க்கு ஒரே மகன், கார்க் கடனைத் தவிர வேறு கடன் கிடையாது. சாதகம் பொருந்தியிருந்தது, பெண்ணுக்கும் படத்தைப் பார்த்த நாளிலிருந்தே மனம் இருந்தது. எல்லாம் பேசி முடித்து, கோப்பியும் குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தரகர், போகிற போக்கில் இன்னொரு சிறப்பையும் சேர்த்துவைப்போம் என்று நினைத்தவரைப் போல, “பையன் கவிதைகூட எழுதுவாராம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் தம்பி மனைவி கேட்ட முதல் கேள்வி, “குடிப்பாரோ?” என்பது. தம்பிக்கு வேறு கவலை. இப்படிப்பட்டவர் ஒரு வேலையில் நிலைத்திருப்பாரா என்று கேட்டான். மூத்த மகளோ, கவிதை எழுதும் அளவுக்குப் போயிருக்கிறார் என்றால் இதற்கு முன் யாரோ ஒருத்தி இருந்திருக்க வேண்டும், முதலில் அதை விசாரியுங்கள் என்றாள்.

புதன், சனி, ஞாயிறு தவறாமல் லாட்டரி நம்பர் எடுக்கிறவர் என்று தரகர் சொல்லியிருந்தால் இந்த வீட்டில் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். தம்பி அவரிடம் தனக்கும் ஒரு நம்பர் கேட்டிருப்பான். படிப்பு, வேலை, வீடு, குணம் எல்லாம் ஒரு தட்டில் இருக்க, ஒரு சொல் மட்டும் மறுதட்டில் ஏறி அத்தனையையும் தூக்கிவிட்டது.

இனிதான் சொல்லக் கூசும் பகுதி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “அத்தைதானே அந்தக் காலத்தில் எழுதியவர், அத்தையையே கேளுங்கள்” என்றாள் மூத்தவள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. நான் சொன்னதோ, “பொழுதுபோக்குத்தானே, கல்யாணம் ஆனால் தானாக விட்டுவிடுவார்” என்பது. எல்லாருக்கும் மனம் இலேசாகி, பேச்சு மண்டப வாடகைக்குப் போய்விட்டது. இளையவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1979இல், என் திருமணத்துக்கு முந்திய வாரம், என் அம்மா என் மாமியாரிடம் என்னைப் பற்றிச் சொன்ன வாக்கியம் அது; ஒரு சொல்கூட மாறாமல் என் வாயிலிருந்து வந்தது.

சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் இருந்த நாள்களை நீ மறந்திருக்க மாட்டாய். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, மொழி பழகும் புகுமுக வகுப்பில் ஒரு வருடத்தைக் கொடுத்து, பேருந்தில் இடைநிலைப் பள்ளிக்குப் போய்வந்த காலம். எனக்குப் பதினேழு வயதில், நாளேடு ஒன்றின் ஞாயிறு பதிப்பில் என் கவிதை வந்தது. மழையைப் பார்த்து ‘நீ’ என்று பேசும் பதினாறு வரிகள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அம்மா வீட்டில் இருப்பார், ஆனால் அன்றைய சம்பளம் போய்விடும்; பெய்யாவிட்டால் விடியுமுன் அவர் மரத்துக்குப் போய்விடுவார். வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம் என்று அதனிடம் முறையிட்டிருந்தேன். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் போய், “இதில் ‘நீ’ என்று வருகிறதே, அது யார்?” என்று கேட்டார். ‘நீ’ என்றால் அது ஒரு பையனாகத்தான் இருக்கும் என்று கிராணி பொருள் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் பேருந்து நிறுத்தத்துக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. உன்னைத் துணைக்கு அனுப்பினார்கள். நீயும் எழுதுகிறவள் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

அதே அப்பா, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, விடுப்பு எடுத்துக்கொண்டு இரயிலேறிப் போய் மலாயாப் பல்கலைக்கழக வாசலில் நின்றுவிட்டு வந்ததைச் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழின்மேல் அவருக்கு இருந்த பற்று உண்மையானது. அந்தத் தமிழில் தம் மகள் எதையாவது செய்யத் தொடங்கியதும்தான் பயம் வந்தது. பிற்பாடு, அகத்திணைப் பாட்டில் தலைமக்கள் யார் என்று பெயரைச் சுட்டக்கூடாது என்னும் தொல்காப்பிய விதியைப் படித்தபோது எனக்கு அந்தக் கிராணியின் முகம் நினைவுக்கு வந்தது. பெயரை மறைப்பதையே இலக்கணமாக வைத்த மொழியில் பிறந்த நாம், ஒரு பெண் எழுதினால் முதலில் பெயரைத்தான் தேடுகிறோம். இதில் முன்னோர்களையும் முழுதாக விட்டுவிட முடியாது. கணவனைத் தேடி அலைந்தவள் என்று வெள்ளிவீதியாரின் வாழ்க்கையை உவமையாக்கியவரும் ஔவையார் என்ற இன்னொரு பெண்பாற் புலவர்தானே. ஔவையார் அதைப் பரிவோடு சொன்னார் என்பது வேறு.

ஆண்களுக்கு இந்தத் துன்பம் இல்லை, வேறு துன்பம் உண்டு. அவர்கள் எழுதினால் யார் அவள் என்று ஒருமுறை சிரித்துக் கேட்டுவிட்டு, உடனே, சோற்றுக்கு என்ன செய்கிறாய் என்பார்கள். பொறியாளர் என்ற பதில் அங்கே எடுபடாது; கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஜிப்பாவும் தாடியும் வாங்கிய கடனும் வந்து உட்கார்ந்திருக்கும். இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. தள்ளாடிக்கொண்டு கவியரங்க மேடையேறி, அதையே கவிஞனுக்குரிய அடையாளமாகக் காட்டிக்கொண்டவர்களை நீயும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம். ஆனால் குடிக்கிற குத்தகையாளர்களைப் பார்த்துவிட்டு, குத்தகை எடுக்கும் தொழிலையே யாரும் சந்தேகிப்பதில்லை.

உன் கடைசிப் புத்தக வெளியீட்டைப் பற்றி நீ எழுதியிருந்ததை மூன்றுமுறை படித்தேன். தலைமை விருந்தினர் இரண்டு மணி நேரம் கழித்து வந்து, முதல் நூலைப் பெற்றுக்கொண்டு, பண உறையை உன் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார் என்றும், அவருக்குக் கொடுத்த நூல் நாற்காலியிலேயே கிடந்தது என்றும் எழுதியிருந்தாய். உறையில் இருந்த ஆயிரம் வெள்ளி அச்சகக் கணக்கை அடைக்க உதவியதால் குறை சொல்லவும் முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வந்தார். அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, காணாமல் தந்த பொருளை ஏற்க நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று மறுத்தாரே, அவர். என் தகுதியின் அளவை அறிந்து தந்தால் தினையளவே என்றாலும் இனிது என்று அந்தப் புறநானூற்றுப் பாட்டு முடிகிறது. அவருக்கு அச்சகக் கணக்கு இல்லை என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். ஆனால் உனக்குப் போட்ட மாலையும், என் தம்பி மனைவி கேட்ட கேள்வியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்றுதான் எனக்கு இப்போது படுகிறது. படிக்காதவரைக்கும்தான் கவிஞரை மேடையில் ஏற்றவும் முடியும், வீட்டுக்குள் சேர்க்கத் தயங்கவும் முடியும். இரண்டுக்கும் புத்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு வகை மதிப்பும் நமக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. மணிவிழாவுக்கு ஒரு வாழ்த்துப்பா, நாளேட்டில் வரும் முதலாண்டு நினைவஞ்சலிக்கு நாலு வரி, பள்ளி ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு. “உங்களுக்கு ஐந்து நிமிட வேலைதானே” என்பார்கள். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் தம் தந்தையின் நினைவஞ்சலிக்காகக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். தந்தை பேசவே பேசாத மனிதர் என்பதை எழுதியிருந்தேன். அவர் அதைத் திருப்பித் தந்து, ‘கற்பகத்தருவே, கலங்கரை விளக்கே’ என்று வருகிற மாதிரி மாற்றிக் கேட்டார். மாற்றிக் கொடுத்தேன்.

முப்பது ஆண்டு நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் மலாய்க்காரத் தோழிகள் பலர் இருந்தார்கள். யாராவது பணி ஓய்வு பெறும் நாளில் ஒருவர் எழுந்து பந்துன் என்னும் நாலடி மலாய்ப் பாடல் ஒன்றைச் சொல்வார். ஓய்வு பெறுகிறவர் பதிலுக்கு ஒன்று சொல்வார். கணக்காளர், காவலாளி, டிரைவர் யார் சொன்னாலும் ஒருவரும் அதை விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பெண் கேட்டுப் போகும்போதுகூட இரு வீட்டாரும் பந்துனில் பேசிக்கொள்கிறார்கள். தரகர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நாங்கள் ஆடிப்போனதை நினைத்தால், அவர்கள் கவிதை சொல்லித்தான் பெண்ணே கேட்கிறார்கள்! 1983இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்ற கவிஞர் உஸ்மான் அவாங் இளமையில் காவல்துறையில் வேலை பார்த்தவர். அவர்கள் பக்கம் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. உருகி உருகிப் பேசுகிற பையனை ‘ஜிவாங்’ என்று கேலி செய்வதை நானே கேட்டிருக்கிறேன். அந்த விருதும் மலாய் மொழியில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே உரியது. உனக்கும் எனக்கும் அந்தக் கதவு இல்லை. இருந்தாலும், பந்துன் சொன்ன டிரைவரைப் பார்த்து, குடிப்பாரோ என்று ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற ஞாயிறு பையன் வீட்டார் வந்திருந்தார்கள். என் மனத்தில் இருந்ததைச் சரிசெய்துவிட வேண்டும் என்று, பலகாரத் தட்டை நீட்டும்போது அவரிடம் மெல்ல, “எதைப் பற்றி எழுதுகிறீர்கள் தம்பி?” என்று கேட்டேன். “பழைய ஃபெர்ரியைப் பற்றி” என்றார். பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடி, 2020இன் கடைசி நாளோடு நடைப்பயணிகளுக்கு நின்றுபோன அந்த இரட்டைத் தட்டுக் கப்பல்களில்தான் அவர் பள்ளிக் காலம் முழுக்கப் போய்வந்தாராம். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய தாயார் பதறிக்கொண்டு குறுக்கே வந்து, “அதெல்லாம் இப்போது எழுதுவதில்லைங்க, விட்டுவிட்டார்” என்றார். தரகர் வழியாக என் வாக்கியம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பையன் தாயை மறுக்கவில்லை. கோப்பியை எடுத்துக் குடித்தார். தம்பி மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. இளையவள் தலை நிமிரவில்லை.

ஆகவே எல்லாம் கூடிவந்துவிட்டது. தை மாதம் பரிசம். நாள் முடிவானதும் தொலைபேசியில் சொல்கிறேன். நீ இ.டி.எஸ். இரயிலில் பட்டர்வொர்த்துக்கு வந்துவிடு. தம்பி மகன் காருடன் வந்து நிற்பான். வெயிலுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். மருத்துவர் சொல்லியிருப்பார், நீ கேட்டிருக்க மாட்டாய்.

இன்னொன்று. 1979இல் நான் உன்னிடம் கொடுத்துவைத்த நீல அட்டைக் குறிப்பேடு இன்னமும் உன் அலமாரியில் இருப்பதாக முன்னொரு கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைக் கொண்டு வா. மழைக் கவிதை அதில் நான்காவதோ ஐந்தாவதோ பக்கத்தில் இருக்கும். அதை அந்தப் பையனிடம் கொடுப்பதா, இல்லை முதலில் அவளிடமே கொடுப்பதா என்பதை நீ வந்தபின் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். பூச்சி அரித்திருந்தால் அதையும் முன்கூட்டியே எழுதிவிடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய பேருந்துத் தோழி