முதுகில் ஏறி அமுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் விடிவதற்கு முன்பே கிரவுண்டுக்கு வந்துவிடுவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், அப்புறம் கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஓடுவதற்கு முன்னால் செய்கிற ஸ்ட்ரெச்சிங்கைப் பார்த்தால்தான் பக்கென்று இருக்கிறது. தூக்கம் கலைந்தும் கலையாமலும் பைக்கில் வந்து இறங்கியவன் அப்படியே தரையில் காலை நீட்டி உட்காருகிறான், இன்னொருவன் பின்னால் நின்றுகொண்டு முதுகில் இரண்டு கையையும் வைத்து, கால் விரலைத் தொடும்வரை அமுக்குகிறான். பல பள்ளிகளில் பி.டி. பீரியடிலும் இதே கூத்துதான்.

சூடேறாத தசையை வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் இறுகத்தான் செய்யும். அதையும் மீறி அமுக்கினால் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் இடுப்பு போகும். சரி, மெதுவாகத்தானே இழுக்கிறோம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஓடினாலோ தாண்டினாலோ அதன் விசை கொஞ்சம் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திறமையைப் பொறுத்து மதிப்பெண்ணுக்காகக் கொடுக்கிற ஸ்டார் ஒன்றா இரண்டா என்பது நொடிக்கணக்கில் முடிவாகிற தேர்வில் இது தேவையா?

முதலில் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடட்டும். பிறகு முட்டியை உயர்த்தி நடப்பது, காலை முன்னும் பின்னும் வீசுவது, அகலமாக அடி வைத்து இறங்கி எழுவது, கடைசியில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே இரண்டு மூன்று சின்ன ஓட்டம். கால்பந்து வீரர்களுக்காக ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ வார்ம்-அப் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், அதில் உட்கார்ந்து இழுத்துப் பிடிக்கிற வேலையே கிடையாது, காயங்களைக் குறைப்பதாகவும் நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

இழுத்துப் பிடிக்கும் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் இடம் ஓட்டம் முடிந்த பிறகு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி சொல்லும் அளவு இதுதான்: ஒரு தடவைக்கு 10 முதல் 30 விநாடி, ஒவ்வொரு பயிற்சிக்கும் மொத்தம் 60 விநாடி, வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள். வயதானவர்கள் என்றால் 30 முதல் 60 விநாடி வரை பிடிக்கலாம். இழுப்பது தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. மறுநாள் உடம்பு வலி வராமல் இருக்க இதைச் செய்கிறோம் என்பவர்களுக்கு மட்டும் ஏமாற்றம்தான், அந்த வலி இதனால் பெரிதாகக் குறைவதில்லை.

மத்திய அரசின் கேலோ இந்தியா பள்ளி உடற்தகுதிச் சோதனையில், காலை நீட்டிப் பாதம் ஒரு பெட்டியில் படும்படி உட்கார்ந்து, கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளக்கும் ஒரு பகுதி உண்டு. அந்த அளவைக் கூட்டிக் காட்டத்தான் சில ஆசிரியர்கள் பிள்ளைகளை அமுக்குகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். கை நீளமாக, கால் குட்டையாக இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பெட்டியில் சும்மாவே நல்ல அளவு வரும், இதில் போட்டி எதற்கு? பிள்ளை போன தடவை எட்டியதைவிட இப்போது கொஞ்சம் கூடுதலாக எட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. சர்வதேச யோகா தினமான ஒவ்வொரு ஜூன் 21 அன்றும் பத்திரிகைகளில் காலைத் தூக்கிக் கழுத்தில் போட்டிருப்பவர்களின் படம்தான் வருகிறது. அதைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பு வரும்போது, நான் மேலே சொன்ன வார்ம்-அப்பை நாலு படத்தோடு அரைப் பக்கம் போடுங்கள். கிரவுண்டுச் சுவரில் ஒட்டிவைக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சி