சனி வகுப்புக்கு முதல் எல்லாரும் வாசியுங்கோ

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

சனி இரவு 8 மணிக்கு ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கிளவுட்ஓப்ஸ் பரீட்சைக்கான வகுப்பில் வலையமைப்புப் பயிற்சி. மட்டக்களப்பு டவுன் ஆக்கள் நேரே வரலாம். கல்முனை, அக்கரைப்பற்று ஆக்கள் சூமில்.

போன கிழமைப் பயிற்சியில் நாட் கேட்வேயை (உள் வலையமைப்பு சேர்வர்கள் இணையத்துக்குப் போகும் வழி) அழிக்காமல் விட்டவர்கள் இன்றைக்கே அழியுங்கோ. சும்மா கிடந்தாலும் ஏடபிள்யூஎஸ்ஸின் வேர்ஜினியா பிராந்தியத்தில் மணிக்கு 0.045 டொலர், ஒரு நாளுக்கு ஒரு டொலருக்கு மேல். அதை அழித்தால் எலாஸ்டிக் ஐபி (அதுக்குக் கொடுத்த நிலையான இணைய முகவரி) தானாகப் போகாது. அதைத் தனியே விடுவிக்க வேணும், இல்லாட்டி அதுக்கும் மணிக்கு 0.005 டொலர். கையோடு செலவைக் கவனிக்க 5 டொலர் பட்ஜெட் எச்சரிக்கையும் போடுங்கோ.

கனபேர் கேட்டது: செக்யூரிட்டி குரூப்பில் (சேர்வருக்கான தடுப்புச்சுவர்) இணையப் பக்கத்துக்கான போர்ட் 80ஐத் திறந்தும் பக்கம் வராதது ஏன்? நெட்வேர்க் ஏசிஎல்லையும் (சப்நெட் எனும் வலையமைப்புப் பகுதிக்கான தடுப்புச்சுவர்) பாருங்கோ, அது உள்ளே வந்த இணைப்பை நினைவில் வைக்காது. பதில் திரும்ப வெளியே போக 1024–65535 போர்ட்களையும் அதன் அவுட்பவுண்டில் (வெளியே போகும் விதிகளில்) திறக்க வேணும். இது பரீட்சையிலும் முக்கியம்.

கிளவுட்வோட்ச் (ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவை) சேர்வரின் மெமரி அளவைத் தானாகக் காட்டாது; சேர்வரில் அதன் ஏஜென்ட் மென்பொருளைப் போட்டு, ஐஏஎம் ரோலும் (அனுமதி) கொடுக்க வேணும்.

பரீட்சை 65 கேள்வி, 130 நிமிடம், சித்திக்கு 1000க்கு 720. பிழைக்குப் புள்ளி குறையாது, ஒன்றையும் வெறுமையாக விடாதீங்க. ஆங்கிலம் தாய்மொழி இல்லாததால் நாம் மேலதிகமாக 30 நிமிடம் கேட்டு எடுக்கலாம். ஆனால் திகதி பதிய முதலே அதைக் கேட்டு வையுங்கோ.