நம்ம பல் டாக்டர்கள் சங்கம்: 2025-26 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் சார், பொருளாளர் மேடம், அப்புறம் தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் கிளினிக் வச்சிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். ஹால்ல வாசிக்கிறப்ப பாதிப் பேரு பிரியாணி எப்ப வரும்னு தான் பாப்பீங்க, அதான் குரூப்ல முன்னாடியே டைப் பண்ணிப் போடுறேன், படிச்சுட்டு வந்தா கேள்வி கேக்க வசதி.

வழக்கமான விஷயத்தை முதல்ல முடிச்சுடுறேன். மாசக் கூட்டம் மழை மாசம் தவிர ஒழுங்கா நடந்துச்சு. மீன்பிடித் தடைக்காலத்துல, அதாவது ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மண்டபம் பக்கம் போட்ட முகாமுக்கு நல்ல கூட்டம், அந்த 61 நாள் தான் விசைப்படகு ஆளுக கரையிலயே இருப்பாக, கையில காசு இருக்காது, நேரம் இருக்கும். மருத்துவக் கழிவு எடுக்க வர்ற வண்டி லேட்டா வர்ற புகார் அப்படியே இருக்கு. சந்தா பாக்கி லிஸ்ட் பொருளாளர் மேடம் கிட்ட இருக்கு, பேரு போட்டு வாசிக்க வைக்காதீங்க.

இனி வெப்சைட். போன பொதுக்குழுல சங்கத்துக்கு ஒரே வெப்சைட், அதுல கிளினிக்குக்கு ஒரு பக்கம்னு முடிவு பண்ணி 60,000 ரூபா ஒதுக்குனோம். அப்ப எல்லாரும் பேசுனது டிசைன் எப்படி இருக்கணும், கலர் நீலமா பச்சையான்னு தான், வருஷா வருஷம் யாரு காசு கட்டுறதுன்னு கடைசி வரிசையில உக்காந்திருந்த பாம்பன் டாக்டர் ஒருத்தர் மட்டும் தான் கேட்டாரு. "படகு வாங்க லோன் போட்டுருவோம் சார், டீசலுக்கும் வலைக்கும் யாரு தர்றது?"ன்னாரு, எல்லாரும் சிரிச்சோம், ஆனா இந்த வருஷம் முழுக்க பட்ஜெட்டை அந்த ஒரு கேள்வியை வச்சுத்தான் போட்டோம்.

கொட்டேஷன் மூணு வாங்குனோம், சென்னை ஒண்ணு, மதுரை ஒண்ணு, பரமக்குடி பையன் ஒருத்தன். பெரிய கம்பெனி கொட்டேஷன் பளபளன்னு இருந்துச்சு, முதல் பக்கத்துலயே வெள்ளைக்காரம்மா ஒருத்தங்க முப்பத்திரெண்டு பல்லும் தெரிய சிரிச்சுட்டு இருந்தாங்க, கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல டொமைன், அதாவது சைட்டோட அட்ரஸ், கம்பெனி பேர்ல தான் இருக்கும், ரெண்டாவது வருஷத்துல இருந்து கட்டணம் அப்போதைய விலைப்படின்னு ரெண்டு வரி. அந்த ரெண்டு வரிக்குத்தான் அந்தக் கொட்டேஷனை ஒதுக்குனோம். ஏன்னா நம்ம மெம்பர் ஒருத்தருக்கு ஏற்கனவே நடந்திருக்கு: சைட் போட்டுக் கொடுத்த ஆளு டொமைனைத் தன் பேர்ல வாங்கி வச்சுட்டு ரினியூ பண்ணாம விட்டுட்டான், கொஞ்ச நாள்ல வேற யாரோ அதை வாங்கிட்டாங்க, கார்டுல இருந்த அட்ரஸைத் தட்டுனா கிளினிக்குக்குப் பதிலா சீட்டாட்ட விளம்பரம் வந்துச்சு. கார்டு, லெட்டர்ஹெட், போர்டு எல்லாம் மறுபடி அடிச்சாரு பாவம். அதனால நம்ம டாட் இன் டொமைனை சங்கத்து ஈமெயில்ல, சங்கத்து பேர்ல, நம்ம அக்கவுண்ட்ல இருந்தே காசு கட்டி வாங்கியாச்சு.

கணக்கு இதுதான். பரமக்குடி தம்பிக்கு 20,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 3,600. போட்டோவுக்கு 8,000. டொமைனும், சைட்டை நெட்ல வச்சிருக்கிற இட வாடகையான ஹோஸ்டிங்கும் முதல் வருஷம் 4,400. தமிழ்ல எழுதி, டைப் பண்ணி, திருத்துன செலவு 2,500. ஆக 38,500. மீதி 21,500 அப்படியே பேங்க்ல இருக்கு, அதைத் தொடக் கூடாது, அடுத்த ரெண்டு வருஷத்து ரினியூவலுக்கும் சில்லறைத் திருத்தத்துக்கும் அது. ஹோஸ்டிங் முதல் வருஷம் ஆஃபர்ல தர்றான், அடுத்த வருஷம் கிட்டத்தட்ட டபுள், அதை முன்னாடியே எழுதி வாங்கி வச்சிருக்கோம். சைட்டு பூட்டுச் சின்னத்தோட தெரியுறதுக்கு எஸ்எஸ்எல்னு தனியா ரேட் போட்டிருந்தான் ஒருத்தன், அது லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒரு அமைப்புகிட்ட ஃப்ரீயாவே கிடைக்குது. சைட் கட்டுற சாஃப்ட்வேர் வேர்ட்பிரஸும் ஃப்ரீ தான், காசு வேலைக்குத்தான்.

போட்டோவுக்கு எட்டாயிரமான்னு கேக்குறவங்களுக்கு: நெட்ல கிடைக்கிற படத்தைப் போட்டா எல்லா கிளினிக்கும் ஒரே மாதிரி இருக்கும், ஆளுக்கும் நம்பிக்கை வராது. வந்த போட்டோகிராஃபர் கல்யாண ஆல்பம் எடுக்கிறவரு, டாக்டர் எல்லாரையும் கையைக் கட்டி நிக்க வச்சு நாடியைத் தூக்குங்கன்னு படுத்திட்டாரு, ட்ரோன் வேற கொண்டாந்திருந்தாரு. நாங்க கேட்டது வேற: பஸ் ஸ்டாப்புல நின்னு பார்த்தா கிளினிக் எப்படித் தெரியும், மாடிப்படி எத்தனை, பக்கத்துல மெடிக்கலா டீக்கடையா, உள்ள கருவிகளைக் கிருமி நீக்குற ஆட்டோகிளேவ். கிழவியைக் கூட்டிட்டு வர்ற மகனுக்கு மாடிப்படி படம் தான் தேவை. படம் எல்லாத்தையும் சைஸ் குறைச்சுத்தான் ஏத்தணும்னு கறாரா சொல்லிட்டோம், கடலோரத்துல சிக்னல் ஒரு கோடு தான் காட்டும், பக்கம் சுத்திக்கிட்டே இருந்தா மூடிட்டுப் போயிருவாங்க.

ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் வேணும்னு இளைய டாக்டருங்க ரொம்ப கேட்டாங்க. அது மாசா மாசம் காசு, நமக்கு ரெண்டு சேர் கிளினிக், எதுக்கு? தொட்டா போன் போற மாதிரி ஒரு பட்டன், வாட்ஸ்அப் பட்டன் ஒண்ணு, போதும். ஃபார்ம் வச்சா பேரு, வயசு, சுகர் பிரஷர், எக்ஸ்ரேன்னு எல்லாம் நம்ம சர்வர்ல வந்து உக்காரும், 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டப்படி அதுக்குப் பொறுப்பு நாம தான். கூகுள் மேப்ல கிளினிக்கைச் சரியான இடத்துல போட்டு நேரம் எழுதுறது ஃப்ரீ, அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்து ராத்திரி பல்வலில துடிக்கிறவன் மேப்பைத் தான் பார்ப்பான். இன்னும் பாதிப் பேரு அதைப் பண்ணல. கீழக்கரையில வெள்ளிக்கிழமை லீவுன்னா அதையும் போடுங்க, பூட்டுன கதவைப் பாத்துட்டுப் போறவன் திரும்ப வர மாட்டான்.

விஷயம் எழுதுறதுல எனக்குப் பிடிச்சது கீழக்கரை மேடம் எழுதிக் கொடுத்த பக்கம். துபாய், சவுதில இருந்து லீவுல வர்றவங்க மூணு வாரத்துல எல்லாப் பல்லையும் சரி பண்ணணும்பாங்க. வேர் சிகிச்சை, கேப் போடுறது பெரும்பாலும் அந்த நாளுக்குள்ள முடியும், இம்ப்ளான்ட்னு தாடையில பதிக்கிற ஸ்க்ரூ எலும்போட ஒட்ட பொதுவா மூணுல இருந்து ஆறு மாசம் ஆகும், அதனால இந்த லீவுல ஸ்க்ரூ, அடுத்த லீவுல பல்லு, கம்பி போட்டா மாசா மாசம் வரணும்னு நேரா எழுதியிருக்காங்க. இப்ப அங்க இருந்தே வாட்ஸ்அப்ல கேட்டுட்டு டிக்கெட் போடுறாங்களாம்.

"நம்பர் ஒன்", "வலியே இல்லை", "கேரண்டி", ஆஃபர் ரேட், இதெல்லாம் எந்தப் பக்கத்துலயும் கிடையாது. இந்திய பல் மருத்துவ கவுன்சிலோட 2014 நெறிமுறைப்படி நோயாளியை விளம்பரம் பண்ணி இழுக்கக் கூடாது, சிலருக்கு இது கோவம், என்ன பண்றது. படிப்பு, தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண், என்ன வைத்தியம் பாக்குறோம், நேரம், வழி, அவ்வளவு தான். வைத்தியத்துக்கு முன்ன, பின்னன்னு பேஷன்ட் பல்லு போட்டோ போடணும்னா எழுத்துல சம்மதம் வாங்கித் தாங்க, இல்லாட்டி ஏத்த மாட்டோம்.

பதினொரு பக்கம் ரெடி, மத்தவங்க விவரம் இன்னும் தரல, திருவாடானை பக்கம் ரெண்டு பேரு போனே எடுக்கல. டொமைன் பாஸ்வேர்ட் இப்ப என்கிட்டயும் பொருளாளர் கிட்டயும் மட்டும் இருக்கு, கவர்ல போட்டு ஒட்டி தலைவர் கிட்ட ஒரு காப்பி கொடுக்கவும், செயலாளர் மாறுற அன்னைக்கே பாஸ்வேர்டை மாத்தவும் தீர்மானம் கொண்டு வர்றேன். வழிமொழிய ஒருத்தர் வேணும். விவரம் தராதவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள கிளினிக் வாசல் போட்டோ ஒண்ணும் பதிவு எண்ணும் வாட்ஸ்அப் பண்ணுங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்புனா மங்கிப் போகுது.