பினாங்குக்குப் புறப்படும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பட்டியலை நேற்று ராத்திரி அப்பாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். மலேசியாவில் பினாங்கு, வியட்நாமில் ஹோய் ஆன், ஜப்பானில் ஒசாக்கா. ஊர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் இருக்கும் பண்டங்களில் முக்கால்வாசி இறால், மட்டி, பன்றி, ஆக்டோபஸ். மாப்பிள்ளையோ முட்டையைத் தாண்டி எதையும் தொடாதவர். "அவருக்கு அங்கங்கே ஏதாவது கிடைச்சிடும்மா" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமான புதிதில் அப்பாவின் வேலைக்காக நாங்கள் பினாங்கில் இருந்தது உனக்குத் தெரியும். நான் சைவம், அவர் மீன் இல்லாமல் சோறு இறங்காதவர். அதனால் சொல்கிறேன். ஒருத்தர் ரசித்துச் சாப்பிட, இன்னொருத்தர் பன்னும் வாழைப்பழமுமாகச் சிரித்த முகத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பது இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் சண்டை வரும். அதுவும் சாப்பாட்டைப் பற்றி வராது, ஹோட்டல் சாவியை யார் தொலைத்தது என்று வரும். சாப்பிடுவதற்கென்றே ஜோடியாகப் போகிறீர்கள் என்றால், தினமும் அவருக்கான கடையை முதலில் முடிவு பண்ணு. உனக்கு எந்தத் தெருவில் இறங்கினாலும் கிடைக்கும்.

பினாங்கில் இது கஷ்டமே இல்லை. அங்கே கோப்பிக் கடை என்பது ஒரு கூரைக்குக் கீழே பத்துப் பதினைந்து தள்ளுவண்டிக்காரர்கள். காலி மேசையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, அவரவர் விருப்பப்பட்ட வண்டியில் சொல்லிவிட்டு வந்தால், தட்டு மேசைக்கே வரும். வந்ததும் காசு கொடுக்க வேண்டும், சில்லறை கையில் இருக்கட்டும். குடிக்க ஏதாவது கட்டாயம் சொல்லுங்கள், அதை விற்பது கடைக்காரர்தான். நீ ஒரு வண்டி, அவர் ஒரு வண்டி, மேசை ஒன்று. ஓட்டலில் மெனு அட்டையை வைத்துக்கொண்டு முழிக்கிற பிரச்சினையே கிடையாது.

உனக்கு முதலில் சார் குவே தியாவ். அதைச் சாப்பிடுவதற்கு முன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வறுப்பதைப் பார். தட்டையான அரிசி நூடுல்ஸை ஒரு தடவைக்கு ஒரு தட்டு அளவுதான் வறுப்பார்கள். மொத்தமாகப் போட்டால் ஈரம் கசிந்து குழைந்துவிடும். இரும்புச் சட்டி புகையக் காய்ந்ததும் பூண்டு, இறால், நூடுல்ஸ், சோயா சாறு. நூடுல்ஸை ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் முட்டை. கடைசியில் முளைப்பயறு, பூண்டுத் தாள், மட்டி. மட்டி பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும்போதே தட்டில் தட்டிவிடுவார்கள். எல்லாம் இரண்டு மூன்று நிமிஷ வேலை. அந்தத் தீயின் வாசனை நூடுல்ஸில் ஏறியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. பழைய கைக்காரர்கள் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். ஆகவே மாப்பிள்ளையிடம் "மட்டியை ஒதுக்கிட்டு ஒரு வாய்" என்று நீட்டாதே.

அசாம் லக்சாவும் அப்படித்தான். கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்துப் புளியில் கொதிக்கவிட்டு, தடிமனான அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, புதினா, வெள்ளரி, அன்னாசி, சீவிய இஞ்சிப் பூவெல்லாம் தூவித் தருவார்கள். நம் மீன் குழம்பு சீனாவுக்குப் போய்த் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது என்பார் அப்பா. மேலே ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுதும் விழும்.

அந்த இறால்தான் அவருக்கு எதிரி. கண்ணுக்குத் தெரியும் இறாலைச் சொல்லவில்லை, பெலாச்சான் என்கிற இறால் விழுதைச் சொல்கிறேன். கீரை வதக்கலில் இருக்கும், சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் இருக்கும், வெறும் பழம் நறுக்கிப் போட்ட ரோஜாக்கில்கூட இறால் விழுது இருக்கும். பார்க்கப் பச்சைக் காய்கறியாகத் தெரிந்தாலும் கேட்காமல் வாங்காதீர்கள்.

அவருக்கு என்ன? குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது. அதைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சோறு கிடைக்கும். பினாங்கு வரை போய் இலைச் சோறா என்று முகம் சுளிக்காதே. காலையில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு. வண்டியில் சுட்டுத் தரும் அப்போம், நம் ஆப்பத்தின் பிள்ளைதான், தேங்காய்ப்பால், முட்டை எல்லாம் போட்டது. அப்புறம் பினாங்கு ரோடு பக்கம் கெங் குவீ தெருவில் செண்டோல். பச்சை நிறச் சேவை, சிவப்புக் காராமணி, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சீவிய ஐஸ். இதை மட்டும் ஒரே கிண்ணத்தில் வாங்குங்கள், இரண்டு கரண்டி கேட்டு. ஐஸ் கரைந்தால் ருசி போய்விடும் என்பதால் பேசிக்கொண்டே சாப்பிட முடியாது, போட்டி போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

நாசி கண்டாரை விட்டுவிடாதே. தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றது. ஹமீதியா என்ற கடை 1907-இலிருந்து நடக்கிறது. நாலைந்து குழம்பைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுவதுதான் அங்கே முறை. கறி, மீன், கோழிச் சாறெல்லாம் கலந்துவிடும், எனவே மாப்பிள்ளைக்கு அது ஆகாது. சில கடைகள் நடுநிசி தாண்டியும் திறந்திருக்கும். அவரை முதலில் இலைச் சோறு சாப்பிட வைத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் கூட்டிப்போ. நீ சாப்பிடு, அவர் தே தாரிக் என்ற ஆற்றிய டீ குடிக்கட்டும். வயிறு நிறைந்த மனுஷனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதில் கஷ்டமே இல்லை.

நவராத்திரி சமயம் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பல வருஷங்களில் அதையொட்டியே சீனர்களின் ஒன்பது பேரரசர் விழா வரும். ஒன்பது நாளும் விரதக்காரர்களுக்காக மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைத்துவிடும். அந்த ஒன்பது நாள் நானும் கடை கடையாக ஏறி இறங்குவேன், உன் அப்பா பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனில் ஆற்று வெள்ளம் தெருவுக்கே வந்துவிடும். நீங்கள் மார்ச்சில் போவதுதான் சரி.

ஹோய் ஆன் நான் பார்த்ததில்லை, அத்தை போய் வந்து சொன்னதையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். சந்திர மாதத்தில் பதினாலாம் நாள் ராத்திரி பழைய ஊரில் மின்விளக்கை அணைத்துவிட்டுக் காகித, பட்டு விளக்குகளை மட்டும் ஏற்றுவார்கள். மறுநாள் பௌர்ணமி. அமாவாசை முடிந்த முதல் நாளும் பௌர்ணமியும் வியட்நாமில் நிறையப் பேர் சைவம் சாப்பிடும் நாட்கள், நம் வீட்டில் அமாவாசைக்கு அடுப்பில் மீன் ஏறாததுபோல. சைவத்துக்கு அங்கே 'சாய்' என்று பேர், அப்படிக் கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். விளக்கு ராத்திரியும் மறுநாள் பௌர்ணமியும் அங்கே இருக்கிற மாதிரி தேதியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள். மற்ற நாளில் எதிலும் மீன் சாறு விட்டுவிடுவார்கள். அந்த ஊருக்கே உரிய காவ் லாவ் நூடுல்ஸ் உனக்கு, பன்றிக்கறி இல்லாத சாய் வகை அவருக்கு. ட்ரா க்வே என்ற கீரைக் கிராமம் பக்கத்தில்தான், ஆற்றுப் பாசியை உரமாகப் போட்டு வளர்க்கிறார்களாம். சமையல் வகுப்பும் உண்டு. மாப்பிள்ளை வெங்காயம் நறுக்கிப் பார்க்க உனக்கு இது நல்ல சந்தர்ப்பம்.

ஒசாக்காவில்தான் அவர் பாடு திண்டாட்டம். டக்கோயாக்கி உருண்டைக்குள் ஆக்டோபஸ், ஒக்கோனோமியாக்கி என்ற முட்டைக்கோஸ் அடை மேல் மீன் சீவல். இதெல்லாம் போகட்டும், காய்கறிச் சூப்பில்கூடத் தாஷி என்ற மீன் சாறு. இரண்டு நாளுக்கு மேல் அங்கே வேண்டாம். நம்பா ஸ்டேஷனில் ரயில் ஏறி, மலையடிவாரத்தில் கேபிள் கார் மாறிக் கோயாசானுக்குப் போங்கள். கூக்காய் என்ற துறவி 816-இல் தொடங்கிய மடத்து ஊர். மடங்களிலேயே தங்கலாம், சாப்பாடு முழுச் சைவம், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. எள்ளில் செய்த தோஃபுவும், உறையவைத்து உலர்த்திய தோஃபுவும் அங்கே பேர்போனவை. சிவப்பு அரக்குத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணமாக வைப்பார்கள். கூக்காய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பிக்கை, அதனால் அவர் சமாதிக்குத் தினமும் இரண்டு வேளை துறவிகள் சாப்பாடு சுமந்து போகிறார்கள். காலையில் எழுந்து போய்ப் பாருங்கள். அந்த மலையில் நீ விருந்தாளி, அவர் வீட்டுக்காரர். ஒரு நாளாவது அப்படி இருக்கட்டுமே.

மார்ச்சிலும் அங்கே குளிர் விடாது, 800 மீட்டர் உயரம். என் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துப் போ. இரவு சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கே முடிந்துவிடும், அப்புறம் கடை தேடினால் கிடைக்காது. முறுக்கு அனுப்புகிறேன், பெட்டியில் வை.

வரும்போது அப்பாவுக்கு என்ன வாங்குவது என்று கேட்டிருந்தாய். பினாங்கு பயறு பிஸ்கட் மட்டும் போதும், சின்னப் பெட்டியாக. அவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. எனக்கும் ஒன்று வேண்டுமானால் பன்றிக் கொழுப்பு சேர்க்காததா என்று கேட்டு வாங்கு. பழைய முறையில் அதைப் போட்டுத்தான் மாவு பிசைவார்கள்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர் தனியாக ஒரு பட்டியல் போட்டு எனக்கு அனுப்பட்டும், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா