நவம்பர் 28 எதைக் கொண்டாடும் நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் உலகச் செய்திப் பக்கத்தில், அல்பேனியத் தலைநகர் திரானாவின் பிள்ளைகள் சிவப்புக் கொடியோடு நிற்கும் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். நான் வாழும் ஊரைத் தமிழ் இதழில் பார்த்ததில் மனம் நிறைந்துபோனது. ஆனால் படத்தின் கீழே 'கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாளைக் கொண்டாடும் அல்பேனியர்கள்' என்று இருந்தது. அது தவறு. அவர்கள் கொண்டாடிய நவம்பர் 28, துருக்கியரின் ஒட்டோமான் பேரரசிலிருந்து 1912இல் அல்பேனியா விடுதலையை அறிவித்த நாள். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தது அதற்கு 32 ஆண்டுகள் கழித்து. ஜெர்மன் ஆக்கிரமிப்பு 1944இல் முடிந்ததைக் குறிக்கும் நவம்பர் 29உம் இங்கே விடுமுறை என்பதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

இங்குள்ளவர்கள் 28ஆம் தேதியைக் கொடிநாள் என்றுதான் அதிகம் சொல்கிறார்கள். நம் ஊர்க் கொடிநாள் போல இது படைவீரர் நல நிதி திரட்டும் நாள் அல்ல. சிவப்புத் துணியில் கறுப்பு இருதலைக் கழுகு. அந்தக் கொடிக்கே ஒரு நாள். நாட்டுப் பண்ணின் பெயரும் 'கொடியின் கீதம்' என்பதுதான்.

கணக்கர் வேலைக்காக நான் திரானாவுக்கு வந்தது 2019இல். அந்த ஆண்டு நவம்பர் முதல் வாரத்திலேயே எங்கள் தெருவின் பால்கனிகளில் கொடிகள் தொங்கத் தொடங்கின. வீட்டுக்கார அம்மாவை 'தேத்தா' என்று கூப்பிடுவேன். அத்தை என்று பொருள். என் ஜன்னலிலும் ஒரு கொடியை அவரே கட்டிவிட்டுப் போனார். 26ஆம் தேதி விடியுமுன், நாலு மணி இருக்கும், கட்டில் ஆடி எழுந்தேன். துறைமுக நகரமான துர்ரெஸ் பக்கம் நிலநடுக்கம். 51 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் வந்த கொடிநாளில் பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, கொடிகள் அரைக்கம்பத்தில் நின்றன. நான் பார்த்த முதல் விடுதலை நாள் அது.

அன்று மாலை பக்கத்து நாடான கொசோவோவின் எண் பலகையோடு ஒரு கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின் இருக்கை முழுக்கக் கம்பளிகள். இறங்கிய பெண்மணி தேத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதார். 1999 போரில் கொசோவோவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்கள் எல்லை தாண்டி இந்தச் சின்ன நாட்டுக்குள் வந்தார்கள். அப்போது தேத்தா தன் இரண்டு அறை வீட்டில் ஒன்றை அந்தப் பெண்மணியின் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார். இருபது ஆண்டு கழித்து, துர்ரெஸில் தேத்தாவின் தங்கை வீடு விரிசல் விட்டது தெரிந்ததும், 'எங்களோடு வந்து இருங்கள்' என்று கூப்பிட வந்திருந்தார்கள். ஒரு கொண்டாட்டமும் இல்லாத அந்த நாளில்தான் கொண்டாட்டத்தின் பொருள் எனக்குப் புரிந்தது.

1912 குளிர்காலத்துக்கு முன் பால்கன் போர் மூண்டு, ஒட்டோமான் படைகள் பின்வாங்க, செர்பிய, கிரேக்க, மாண்டினீக்ரோ படைகள் அல்பேனியர் வாழும் நிலத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முன்னேறின. அறுபது வயதைக் கடந்த அல்பேனியத் தலைவர் இஸ்மாயில் கெமாலி, புக்கரெஸ்ட் நகரில் குடியேறியிருந்த அல்பேனியரோடு கலந்து பேசி, வியன்னா, த்ரியெஸ்தே வழியாகக் கப்பலில் துர்ரெஸ் வந்து, அங்கிருந்து தெற்கே வ்லோரா என்ற துறைமுக நகருக்குப் போய்ச் சேர்ந்தார். நவம்பர் 28 அன்று அங்கே கூடியிருந்த பிரதிநிதிகள் விடுதலை அறிவிப்பில் கையெழுத்திட, கொடி ஏறியது. ஐந்தே நாளில், டிசம்பர் 3 அன்று, கிரேக்கப் போர்க்கப்பல்கள் வ்லோராவின் மேல் குண்டு வீசின. புது அரசின் தலைவர் கெமாலி முஸ்லிம். துணைத் தலைவர் நிகோலா கச்சோரி கத்தோலிக்கப் பாதிரியார். மதத்தால் பிரிந்து கிடப்பதாகப் பிறர் நினைத்த மக்கள், மொழியால் தாங்கள் ஒன்று என்று சொன்ன நாள் அது.

ஆனால் 1913இல் லண்டனில் வல்லரசுகளின் தூதர்கள் கோடு கிழித்தபோது கொசோவோ உட்பட அல்பேனியர் வாழ்ந்த நிலத்தில் பெரிய பகுதி புது நாட்டுக்கு வெளியே போய்விட்டது. கொசோவோ மக்களுக்கு இப்போது சொந்த நாடும் 2008 பிப்ரவரி 17 என்ற சொந்த விடுதலை நாளும் இருக்கின்றன. ஆனாலும் நவம்பர் 28 வந்தால் அவர்கள் தலைநகர் பிரிஷ்டினாவிலும் அதே இருதலைக் கழுகுதான். நம் பழம்பாட்டுகளில் வரும் இருதலைப் புள்ளுக்கும் ஓருயிர்தானே.

பிறகு ஓர் ஆண்டு தேத்தாவோடு வ்லோராவுக்கே போனேன். காலையிலிருந்து தூறல். கெமாலியின் கல்லறை இருக்கும் கொடிச் சதுக்கத்தில், விடுதலைச் சின்னத்தைச் சுற்றி நெருக்கடியான கூட்டம். வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட தாத்தாக்கள், தோளில் உட்கார்ந்து இரண்டு கட்டை விரல்களையும் கோத்துக் கைகளைக் கழுகுச் சிறகாய் விரிக்கும் குழந்தைகள். தலைவர்கள் பேசிய பேச்சு என் மனதில் நிற்கவில்லை. ஓரமாக நின்று ஆறேழு முதியவர்கள் பாடியதுதான் நிற்கிறது. அந்த லாப் வட்டாரப் பாட்டில் ஒருவர் எடுக்க, இன்னொருவர் மறித்துப் பாட, மற்றவர்கள் ஒரே சுரத்தை விடாமல் பிடித்து நிற்பார்கள். நாகசுரத்துக்கு ஒத்து ஊதக் கேட்டு வளர்ந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாடி முடித்ததும் அறிமுகம் இல்லாத என் கையையும் பிடித்து 'கெஸுவார்' என்று வாழ்த்தினார்கள். இந்தியா என்றேன். உடனே 'நெனே தெரேஸா!' என்றார் ஒருவர். அன்னை தெரசா அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர். திரானா விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் கம்யூனிஸ்ட் அரசு கதவை அடைத்திருந்ததால், திரானாவில் வாழ்ந்த அவருடைய தாய் 1972இல் மகளைப் பார்க்காமலேயே கண் மூடினார் என்பதைத் திரும்பும் வழியில் தேத்தா சொல்லித்தான் அறிந்தேன். அவர் அதைத் தன் வீட்டுச் சாவு போலச் சொன்னார்.

ஆகவே படக்குறிப்பில் இருந்த பிழையை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இதழைத் தேத்தாவிடம் காட்டினேன். தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். 'கொடிநாள் படம்' என்று மட்டும் சொன்னேன். அடுத்த இதழில் திருத்தம் வெளியானால், அதை அவருக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்வேன்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகி,
திரானா, அல்பேனியா