நானோ மஞ்சள்: எதை அளந்தார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மஞ்சளில் உள்ள குர்குமினை நானோ வடிவில் (மிக நுண்ணிய துகள்களாகவோ துளிகளாகவோ) கொடுத்தால் பல மடங்கு உடலில் சேரும் என்று தங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை கூறுகிறது. சேரலாம். ஆனால் எந்த வடிவில் சேர்ந்ததை எப்படி அளந்தார்கள் என்பது அதில் இல்லை.

வாய்வழி போகும் குர்குமினுக்கு மூன்று தடைகள். தண்ணீரில் கரையாது. கரைத்துவிட்டாலும், பிஎச் 7.2 உள்ள வெறும் கரைசலில் 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். தப்பியதைக் குடற்சுவரும் கல்லீரலும் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும். மருந்தைச் சுமந்து செல்லும் நானோ கடத்திகள் முதல் இரண்டு தடைகளுக்கு நன்றாகவே உதவும், மூன்றாவதற்கு அரைகுறைதான்.

எண்ணெய், சர்ஃபாக்டன்ட் (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் சோப்பு போன்ற பொருள்), துணைக் கரைப்பான் மூன்றும் கலந்த கலவையில் குர்குமினைக் கரைத்து கேப்சூலில் அடைக்கும் முறையைப் பாருங்கள். வயிற்று நீர் பட்டதும் தானாகவே நுண்குழம்பாகும். சோதனையில் 1 மி.லி. கலவையை 37 டிகிரியில் 250 மி.லி. தண்ணீரில் விட்டு, நிமிடத்துக்கு 50 சுற்றில் கலக்குவார்கள். நல்ல கலவை ஒரு நிமிடத்துக்குள் தெளிந்த மஞ்சள் நீராகிவிடும். துளி அளவு 100 நானோமீட்டருக்குள் இருக்கும். விளம்பரத்துக்கு வருவது இந்த எண்தான். அதே குடுவையை இரண்டு மணி நேரம் விட்டுவைத்தால் சில கலவைகளில் அடியில் மஞ்சள் பொடி படிந்திருக்கும். எத்தனாலையோ பாலிஎத்திலீன் கிளைகாலையோ தாராளமாக ஊற்றி மருந்தளவைக் கூட்டியதன் விளைவு அது. அந்தக் கரைப்பான் தண்ணீரோடு போய்விடும், மிஞ்சிய எண்ணெயால் மருந்தைத் தாங்க முடியாது. கலவையின் கரைதிறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல், கொஞ்சம் ஹைப்ரோமெல்லோஸ் (மருந்து படிகமாவதைத் தாமதப்படுத்தும் பாலிமர்) சேர்த்தால் படிவது தள்ளிப்போகும். சர்ஃபாக்டன்டைக் கூட்டியும் சமாளிக்கலாம், ஆனால் தினமும் விழுங்குகிறவரின் குடல் எரிச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தண்ணீர்ச் சோதனையில் தேறினாலும் போதாது. கொழுப்புப் படலத்தாலான நுண்பையான சாதாரண லைபோசோமைப் பித்த உப்பு குலைத்துவிடும். கணைய லைபேஸ் கொழுப்புக் கடத்தியைச் செரித்துவிடும். இவை இரண்டையும் சேர்த்த செரிமானச் சோதனையைக் கேளுங்கள். நீள்சங்கிலிக் கொழுப்போடு கொடுத்தால் நிணநீர் வழியே கல்லீரலைச் சுற்றிப் போய்விடும் என்பதும் குர்குமினுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அந்த வழிக்குப் பொதுவாக லாக் பி (எண்ணெயில் கரையும் நாட்டத்தின் அளவு) 5-க்கு மேல் வேண்டும். இதற்குச் சுமார் 3-தான்.

இனி, அந்தப் 'பல மடங்கு'. ரத்த மாதிரியில் குளுகுரோனிடேஸ் நொதியைச் சேர்த்தால் பிணைப்பு உடைந்து, கழிவாகப் போகவிருந்ததும் குர்குமினாகவே எண்ணப்படும். மொத்த அளவு எகிறும். பிணையாத குர்குமின் அப்போதும் மிகக் குறைவாக இருக்கலாம். பொடியை நொதியில்லாமலும் நானோவை நொதியோடும் அளந்து ஒப்பிட்டால் எந்த மடங்கும் வரும்.

மிளகின் பிப்பரின் வேறு வழியில் வேலை செய்கிறது. 1998-இல் வெளியான ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பிப்பரின் சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. பிணைக்கும் நொதியைத் தடுப்பது முக்கியக் காரணம். பிப்பரினின் விளைவு குர்குமினோடு நிற்பதில்லை; வலிப்புக்கான ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் போன்ற மருந்துகளின் ரத்த அளவும் ஏறும். உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சள் தயாரிப்புகளைச் சாப்பிட்டவர்களிடம் கல்லீரல் அழற்சி பதிவாகியுள்ளது. இத்தாலியில் 2019-இல் இது பெரிய விவாதமானது. கட்டுரையின் அடுத்த பகுதியில், வேறு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கான எச்சரிக்கையையும் பிணையாத குர்குமினின் அளவையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாக்கவியல் துறை வாசகர்கள்