அடித்தால் உண்மை வருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘திருடனிடம் மனித உரிமை பேசினால் வேலைக்காகாது, நாலு சாத்து சாத்தினால் உண்மை தானாக வரும்’ என்ற பொருளில் சென்ற ஞாயிறன்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோப்பிக்கடையிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். சரி, அடித்துக் கேட்டுப் பார்த்த அனுபவம் நம்மவர்களுக்குக் கொஞ்சமா?

1854இல் மதராஸ் மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் அறிக்கையில் கிட்டியும் அண்ணாந்தாளும் வருகின்றன. கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் விரலை வைத்து நசுக்குவார்கள். அண்ணாந்தாள் என்றால் ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. பெரும்பாலும் எதற்காக? நிலவரி பாக்கிக்காக. அந்தக் காலத்தில் வரி வசூலித்தவர்களே காவல் வேலையும் பார்த்தார்கள். வசூலுக்குப் பழகிய கை குற்ற விசாரணையில் மட்டும் சும்மா இருக்குமா?

போலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகக் காட்டக்கூடாது என்று 1872இன் இந்திய சாட்சியச் சட்டம் சொன்னது. இன்றும் அங்கே அதுதான் விதி. ஆனாலும் 2020 ஜூனில் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் கொண்டுபோனார்கள். இருவரும் பிழைக்கவில்லை. அந்த அடியால் எந்த உண்மையை வரவழைக்க வேண்டியிருந்தது? அன்றைய கண்காணிப்புக் கேமரா பதிவும் மிஞ்சவில்லை. தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்ததாக விசாரித்த நீதித்துறை நடுவர் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே சிங்கப்பூரில் பிரம்படி உண்டே என்பார்கள். அது நீதிமன்றம் விதிக்கும் தண்டனை. அது சித்திரவதை ஆகாது என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, அது வேறு கடிதம். வாசகர் கேட்பதோ, குற்றம் நிரூபணமாகாத ஆள் மேல் விழும் அடி.

நம் சட்டம் வேறு வழியில் போகிறது. போலிசிடம் கொடுத்த வாக்குமூலம் இங்கே நீதிமன்றத்தில் செல்லும். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியிருந்தால்தான் செல்லாது. அதனால் விசாரணை அறைக்குள் நடந்ததுதான் முழு வழக்கும். ஆங்கிலம் சரியாகத் தெரியாத, வேலை அனுமதியில் வந்த ஒரு தம்பி அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். ‘மிரட்டினார்கள்’ என்று அவர் பின்னால் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்படி நடக்கவே இல்லை என்றால், நேர்மையாக விசாரித்த அதிகாரிதான் அதை எப்படி நிரூபிப்பார்?

2018இல் வந்த சட்டத் திருத்தம் விசாரணையைக் காணொளியில் பதிவுசெய்ய வழிவிட்டது. பாலியல் வல்லுறவு வழக்குகளில் தொடங்கிப் படிப்படியாக விரியும் என்றார்கள். இப்போது எந்தெந்தக் குற்றங்களுக்குப் பதிவு நடக்கிறது, மற்றவற்றுக்கு எப்போது வரும் என்பதை உள்துறை அமைச்சு தமிழிலும் விளக்கினால் நல்லது. அப்புறம், ஐநாவின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் சிங்கப்பூர் இன்னும் சேரவில்லை. அடித்து வாங்கிய வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கக்கூடாது என்கிறது அதன் 15ஆம் விதி. மிரட்டி வாங்கியதையே ஏற்காத நமக்கு அதில் கையெழுத்திட என்ன தயக்கம் என்பதையும் அமைச்சு சொல்லலாம்.

ஈசூன் வாசகர்